குப்பை ஏற்றிய விளக்கு

"குப்பை உயரும், கோபுரம் தாழும்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. செல்வம் நிலையாதது என்பதை உணர்த்தச் சொன்ன வார்த்தை அது. ஆனால் சரித்திர ஆராய்ச்சிக்காரர்களைக் கேட்டால் அதில் இன்னோர் உண்மையும் இருப்பதாகச் சொல்வார்கள். கோபுரம் கட்டிய அரசனைப் பற்றிக் கல்வெட்டு பேசும். அவனுடைய குடிகள் எதில் சமைத்தார்கள், எதைத் தின்றார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பதையோ குப்பைமேடுதான் பேச வேண்டும். மெய்க்கீர்த்தியில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம். குப்பைமேட்டுக்கு மிகைப்படுத்தத் தெரியாது.

நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களின் அந்தரங்கத்தை அறிவதில் ஓர் ஆசை உண்டு. அந்த ஆசையினால்தான் நகரங்களின் குப்பைத் தொட்டிகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒரு விசித்திரமான கதை எனக்குக் கிடைத்தது. குப்பையை எரித்துத் தெருவிளக்கு ஏற்றிய நகரங்களின் கதை அது. குப்பையின் வெப்பத்தைக் குழாயில் அனுப்பி நோயாளிகளுக்குக் குளிர் போக்கிய ஊரின் கதையும் அதற்குள் இருக்கிறது. அதே காரியத்தைச் செய்யப் போய்க் கையைச் சுட்டுக் கொண்ட நகரங்களும் அதில் வருகின்றன. அவற்றில் நம் தேசத்துத் தலைநகரமும் ஒன்று. ஆகையால் கதை நமக்குச் சம்பந்தமில்லாதது அன்று.

முதலில் லண்டன் மாநகருக்குப் போவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் வீட்டுக்கு வீடு கணப்படுப்பு இருந்தது. அதில் எரிந்தது நிலக்கரி. ஆகவே வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி சாம்பல். சாம்பலோடு பாதி எரிந்த கரித்துண்டுகள். அந்நாளில் லண்டன்வாசிகள் குப்பையை "டஸ்ட்", அதாவது தூசி, என்றே அழைத்தார்கள். அந்தத் தூசிக்கு நல்ல கிராக்கி இருந்தது. குத்தகைக்காரர்கள் அதை வாரிக்கொண்டு போய் மலை மலையாகக் குவிப்பார்கள். பெண்கள் முழங்கால் அளவு சாம்பலில் நின்று சல்லடையால் சலிப்பார்கள். நயமான சாம்பல் செங்கல் செய்யும் மண்ணுடன் கலக்கப் போகும். கரித்துண்டு செங்கற் சூளைக்கு எரிபொருளாகப் போகும். எலும்பு, கந்தல், பழைய இரும்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியே வியாபாரிகள் உண்டு. குப்பையை அள்ளிக்கொண்டு போகும் உரிமைக்காகக் குத்தகைக்காரர்கள் பேட்டைச் சபைகளுக்குப் பணம் கட்டிய காலம் அது! சார்லஸ் டிக்கன்ஸ் 1864-65-இல் எழுதிய 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' என்ற நாவலில் ஒரு பெரும் சொத்துக்கு மூலாதாரமே குப்பைமேடுதான். வெறும் கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. நகரம் பெருத்தது. செங்கல் சூளைகள் தூரம் விலகிப் போயின. தூசிக்கு விலை குறைந்தது. முன்பு பணம் கொடுத்து வாங்கிப் போனவர்கள், பின்னால் வாரிப் போவதற்குப் பணம் கேட்கத் தொடங்கினார்கள். நகரசபைகள் விழித்தன. கொட்ட இடமில்லை, சும்மா விட்டால் நோய் பரவும். என்ன செய்வது?

இந்தச் சமயத்தில் ஆல்பிரட் ஃப்ரையர் என்று ஒருவர் தோன்றினார். சர்க்கரைத் தொழிலில் ஈடுபட்டிருந்த மனிதர். நாட்டிங்ஹாம் நகரத்து இயந்திரக் கம்பெனியான மான்லவ், அலியட் அவருடைய யோசனைப்படி 1874-ஆம் ஆண்டில் ஓர் உலையைக் கட்டியது. செங்கல்லால் கட்டிய அறைகள். மேலே குப்பையைக் கொட்டும் வாய். கீழே இரும்புக் கம்பித் தட்டு. உலைக்கு அவர் சூட்டிய பெயர் 'டிஸ்ட்ரக்டர்'. சம்ஹாரமூர்த்தி என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம். 'ஃப்ரையர்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் வறுப்பவர் என்றும் ஒரு பொருள் கொள்ள இடமுண்டு. பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! இரண்டு வருஷத்துக்குள் மான்செஸ்டர் நகரமும் அத்தகைய உலையை அமைத்துக் கொண்டது. பிறகு இங்கிலாந்தின் பல ஊர்களுக்கு அது பரவியது.

ஆரம்பத்தில் குப்பையை ஒழித்தால் போதும் என்பதே நோக்கம். ஆனால் உலையில் எழும் வெப்பத்தைக் கண்ட பொறியியலாளர்களுக்குக் கை சும்மா இருக்குமா? உலைக்கு அருகில் கொதிகலன் வைத்தார்கள். நீராவி வந்தது. நீராவியால் சாந்து அரைக்கும் இயந்திரமும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் ஓடின. மின்சாரம் புதிதாய்ப் பிறந்திருந்த காலம். நீராவி இருந்தால் மின்சாரமும் செய்யலாம் அல்லவா?

ஷோரடிச் என்பது கிழக்கு லண்டனில் ஒரு பேட்டை. மர வேலைக்காரர்களும் கூலி ஜனங்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கிருந்த பேட்டைச் சபை ஒரு துணிகரமான தீர்மானம் செய்தது. தன் எல்லைக்குள் சேரும் குப்பையைத் தானே எரித்துத் தன் ஜனங்களுக்கு மின்சாரம் கொடுப்பது என்று முடிவு கட்டியது. 1897-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி அந்த மின் நிலையம் திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு ஆட்சி விழா நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திறந்து வைத்தவர் கெல்வின் பிரபு. உலகப் பிரசித்தி பெற்ற பௌதிக விஞ்ஞானி ஒருவர் குப்பை உலையைத் திறந்து வைக்க வந்தார் என்றால், அதற்கு இருந்த மதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்! கட்டடத்தின் முகப்பில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்தார்கள்: "ஈ புல்வெரெ லுக்ஸ் எத் வீஸ்". "தூசியிலிருந்து ஒளியும் ஆற்றலும்" என்பது அதன் பொருள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. குப்பை வண்டிகள் வருவது பகலில். விளக்கு வேண்டியது இரவில். பகலெல்லாம் எரித்த வெப்பத்தை மூட்டை கட்டி வைக்க முடியுமா? முடியும் என்று காட்டினார்கள். உலை எரியும் நேரமெல்லாம் தண்ணீரைக் கொதிநிலைக்கு மேல் சுடவைத்துப் பெரிய இரும்பு உருளையில் அழுத்தத்துடன் சேமித்தார்கள். மாலையில் விளக்குகள் ஏற்றப்படும்போது அந்தச் சுடுநீர் கொதிகலனுக்குள் போகும். கொஞ்சம் நெருப்பிலேயே நிறைய ஆவி கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் மீந்த தணலில் வெந்நீர்த் தவலையை ஏற்றி வைக்கிற அதே சிக்கன புத்திதான். அடுத்தாற்போல் நூல்நிலையமும் பொதுக் குளியல் கட்டடமும் எழுந்தன. உலையின் வெப்பம் அந்தக் குளியல் தொட்டிகளுக்கும் சென்றது. வீட்டில் குளிக்க வசதியில்லாத ஏழைத் தொழிலாளி, தான் எறிந்த குப்பையின் சூட்டில் வெந்நீர்க் குளியல் போட்டான்! அந்தக் கட்டடம் இடிபடாமல் தப்பியது. 1990-களில் சர்க்கஸ் வித்தை கற்பிக்கும் பள்ளி ஒன்று அதில் குடியேறியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் மரணம் வருகிறது.

ஜெர்மனியில் ஹாம்பர்க் ஒரு செல்வச் செழிப்புள்ள துறைமுகம். வியாபாரிகளே ஆண்ட நகரம். செலவு என்றால் அவர்கள் பல முறை யோசிப்பார்கள். எல்ப் நதியின் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டார்கள். பக்கத்து ஊரான ஆல்டோனாவிலோ மணல் வடிகட்டி இருந்தது. 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காலரா வந்தது. சில வாரங்களுக்குள் ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் மாண்டு போனார்கள். ஒரே தெருவில் ஆல்டோனா பக்கத்து வீடுகள் பெரும்பாலும் தப்பின. ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் பிணம் விழுந்தது. சர்க்கார் அனுப்பி வந்து பார்த்த ராபர்ட் காக், ஏழைகளின் குடியிருப்புகளைக் கண்டு தாம் ஐரோப்பாவில் இருப்பதையே மறந்து போனதாகச் சொன்னாராம்.

அது வரையில் ஹாம்பர்க் நகரத்துக் குப்பை சுற்றுப்புறக் கிராமங்களுக்கு எருவாகப் போய்க் கொண்டிருந்தது. காலரா வந்ததும் குடியானவர்கள் மறுத்துவிட்டார்கள். குப்பை வண்டி ஊருக்குள் வரக்கூடாது என்று ஆயுதத்துடன் வழிமறித்ததாகவும் சொல்கிறார்கள். அவர்களை எப்படிக் குறை கூறுவது? நகரத்து லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை; நகரத்து வியாதியில் மட்டும் ஏன் பங்கு வேண்டும்? வேறு வழியின்றி, நகரத்தின் தலைமைப் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ஆன்ட்ரியாஸ் மேயர் இங்கிலாந்து மாதிரியில் உலை கட்ட ஏற்பாடு செய்தார். புல்லர்டைக் என்ற இடத்தில் அது 1896-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. ஜெர்மனியின் முதல் குப்பை உலை அதுதான். பல்லாண்டுகள் அது ஓடிற்று.

ஹாம்பர்க் செய்ததைப் பார்த்து பெர்லின் நகரமும் 1890-களில் பரீட்சை செய்தது. அதே ஆங்கிலேய உலை. ஆனால் நெருப்புப் பற்றவில்லை! காரணம் வேடிக்கையானது. லண்டனிலும் ஹாம்பர்க்கிலும் வீடுகளில் எரிந்தது நல்ல கறுப்பு நிலக்கரி. மிச்சத்தில் கரித்துண்டு கிடந்தது. பெர்லின்வாசிகள் எரித்தது பழுப்பு நிலக்கரிக் கட்டி. அது முழுவதும் எரிந்து வெறும் பொடிச் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பலைக் கொட்டினால் எரிகிற நெருப்பும் அணைந்து போகும்.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1885 முதல் 1908 வரையில் அங்கே 180 உலைகள் கட்டினார்கள். 1909-க்குள் அவற்றில் 102 உலைகள் கைவிடப்பட்டன அல்லது பிரித்தெடுக்கப்பட்டன. உலை கட்டியவர்கள் ஆங்கிலேய மாதிரியைப் பார்த்தார்களே தவிர, தங்கள் ஊர்க் குப்பையைக் கிளறிப் பார்க்கவில்லை. அதில் சாப்பாட்டு மிச்சமும் ஈரமும் அதிகம். செலவு குறைக்கச் சிறியதும் மலிவானதுமான உலைகளைக் கட்டினார்கள். அரைகுறையாய் எரிந்த குப்பை, துர்நாற்றமும் கரும்புகையுமாய் ஊரைச் சூழ்ந்தது.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். உலை என்பது ஒரு வயிறு. எந்த ஊர் அடுப்பில் என்ன எரிகிறது, எந்த ஊர்ச் சமையலறையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியாமல் அந்த வயிற்றைக் கட்டக் கூடாது. நூற்றிருபது வருஷத்துச் சரித்திரம் இந்த ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

பாடத்தை நன்றாகக் கற்றவர்கள் டேனிஷ்காரர்கள். கோபன்ஹேகனால் நாற்புறமும் சூழப்பட்டுத் தனி ஆட்சியுடன் விளங்கும் சிறு நகரம் ஃபிரடெரிக்ஸ்பெர்க். வளர இடமில்லை, குப்பை கொட்டவும் இடமில்லை. 1903-ஆம் ஆண்டில் அங்கே குப்பை உலை அமைத்தார்கள். அதே ஆண்டில் புதிய ஆஸ்பத்திரி ஒன்றும் திறக்கப்பட்டது. ஆவிக் குழாய்களைச் சுரங்க வழியில் பதித்து, உலையின் வெப்பத்தை ஆஸ்பத்திரிக்கும், அநாதைக் குழந்தைகள் விடுதிக்கும், ஏழைகள் விடுதிக்கும் கொண்டு போனார்கள். மின்சாரமும் செய்தார்கள். ஆனால் வெப்பத்தை வெப்பமாகவே உபயோகித்ததில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. ஏனெனில் குப்பையின் சூட்டை மின்சாரமாக மாற்றும்போது, இந்நாளைய நல்ல உலைகளில்கூடச் சுமார் கால் பங்குதான் மின்சாரமாகிறது. மீதி ஆகாயத்துக்கோ தண்ணீருக்கோ போய்விடுகிறது. அந்த மீதியைக் குளிர் தேசத்து வீடுகளுக்கு அனுப்பினால் வீணாவது மிகக் கொஞ்சம்.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தடுமாறியது. எண்ணெய்க்கு அது ஏறக்குறைய முழுக்க அயல் நாட்டை நம்பியிருந்தது. 1979-இல் வெப்ப விநியோகத்துக்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். பிற்காலத்தில் அந்நாட்டு வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பொதுக் குழாயில் வரும் வெந்நீரால் குளிர் காய்கிற நிலை ஏற்பட்டது. 2017-இல் கோபன்ஹேகனில் 'ஆமாகர் பக்கே' என்ற மாபெரும் உலை வேலை தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் நாலு லட்சம் டன் குப்பையை விழுங்க வல்லது. 85 மீட்டர் உயரமுள்ள அதன் கூரையைச் சரிவாக அமைத்து, 2019 முதல் ஜனங்கள் அதன் மேல் பனிச்சறுக்கு விளையாடவும் வழி செய்துவிட்டார்கள்!

இதைக் கேட்டு நமக்கு உற்சாகம் பொங்குவது இயல்பு. ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கம் மட்டும் படித்தால் போதாது. பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1977-இல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள் ஆம்ஸ்டர்டாம் குப்பை உலைகளில் பறக்கும் சாம்பலைச் சோதித்தார்கள். டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு அதில் இருந்தது. குளோரின் கலந்த பொருள்கள் சரியாக எரியாமல் போனாலும், எரிந்த புகை மெதுவாகக் குளிர்ந்தாலும் இந்த நஞ்சு உண்டாகிறது. மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, பாலில் கலந்து, குழந்தை வரைக்கும் வந்து சேரும் சக்தி அதற்கு உண்டு. இதன் பின்னரே ஐரோப்பாவில் கடுமையான சட்டங்கள் பிறந்தன. உலைக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு, எரிப்பதற்கல்ல, புகையைக் கழுவுவதற்கே ஆகத் தொடங்கியது. வடிகட்டியில் சேரும் சாம்பலையும் நஞ்சாகவே பாவித்துப் பத்திரமாக அடக்கம் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொரு பற்றும் உண்டு. பெரிய உலையைக் கட்டியவன் அதற்கு நாள்தோறும் தீனி போட்டாக வேண்டும். டென்மார்க்கில் உள்ளூர்க் குப்பை போதாமல் அயல் நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். ஒரு பக்கம் குப்பையைக் குறைக்க வேண்டும் என்று உபதேசம். இன்னொரு பக்கம் குப்பைக்கு இறக்குமதி! கடைசியில் 2020-இல், எரிக்கும் சக்தியையே சுமார் 30 சதவீதம் குறைப்பதென்று அந்நாட்டு அரசியல் கட்சிகள் உடன்பாடு செய்தன.

இனி டில்லிக்கு வருவோம். திமார்ப்பூர் என்னும் இடத்தில், டென்மார்க்கின் உதவியுடன் 1987-இல் ஓர் உலை அமைந்தது. நாள் ஒன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் செய்வதாகத் திட்டம். ஆனால் சில வாரங்கள் ஓடியதோடு சரி. குப்பையில் எதிர்பார்த்த வெப்பத்தில் பாதிகூட இல்லை. பிறகு அது மூடிக் கிடந்தது.

ஏன் இப்படி? பௌதிகம் எளியது. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. வாழைப்பட்டை, கீரைத்தண்டு, ஊசிப்போன சோறு. அதில் முக்கால்வாசி தண்ணீர். மற்றதில் தெருப்புழுதியும் மண்ணும் கணிசம். உலை தன் வெப்பத்தையெல்லாம் கீரைத்தண்டை உலர்த்துவதிலேயே செலவழித்துவிட்டால் விளக்கு எப்படி எரியும்?

இது பாதிக் காரணம். மற்றப் பாதிதான் முக்கியமானது. நம் தேசத்தில் எரியக்கூடிய காகிதமும் அட்டையும் துணியும் குப்பைத் தொட்டிக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே போய்விடுகின்றன. பழைய பேப்பர்காரர் வாசலிலேயே தராசு பிடிக்கிறார். அவரிடம் தப்பியதைச் சாக்குப் பையோடு வரும் ஏழைப் பெண்ணும் பையனும் பொறுக்கிக் கொள்கிறார்கள். லண்டனில் முழங்கால் அளவு சாம்பலில் நின்று சலித்தார்களே, அவர்களுடைய சகோதரிகள் இவர்கள். வெளிநாட்டு நிபுணர்களின் வரைபடத்தில் உலை இருந்தது, புகைபோக்கி இருந்தது. இந்தப் பெண்மணி மட்டும் இல்லை. வரைபடத்தில் இல்லாத அவள்தான் அந்த உலையின் எரிபொருளில் நல்ல பங்கைத் தன் சாக்கில் வைத்திருந்தாள்!

பின்னால் டில்லியில் ஓக்லாவில் 2012-இல் வேறோர் உலை தொடங்கியது. சுற்றிலும் வசித்தவர்கள் புகையை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார்கள். சென்னையிலும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரி உலை அமைக்கும் திட்டம் வந்தபோது, 2025-இல் வட சென்னை ஜனங்கள் கைகோத்து நின்று எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். ஹாம்பர்க் நகரத்துக் குடியானவர்கள் வண்டியை மறித்தபோது கேட்ட கேள்விதான் இவர்களுடையதும். ஊரார் எல்லாரும் உண்டு எறிந்ததை ஏன் எங்கள் மூச்சில் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகையையும் சாம்பலையும் ஏற்கெனவே அநுபவித்தவர்களுக்கு அதைக் கேட்க உரிமை இல்லையா?

நான் உலைக்கு விரோதியல்லன். ஷோரடிச் தொழிலாளியின் வெந்நீர்க் குளியலையும், ஃபிரடெரிக்ஸ்பெர்க் அநாதைக் குழந்தைகளின் கதகதப்பான அறையையும் நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் நமக்குக் குளிர் இல்லை. கோபன்ஹேகனுக்குக் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி வெந்நீர்க் குழாயில் வந்தது. சென்னையில் சித்திரை மாதத்து வீட்டுக்கு யார் வெந்நீர் கேட்கப் போகிறார்கள்?

நமக்கு ஏற்ற வழி வேறு இருக்கிறது. ஈரமான பொருள் எரியாது, ஆனால் அழுகும். அழுகினால் எரிவாயு பிறக்கும். 1890-களிலேயே இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்தில் சாக்கடைக் கழிவுத் தொட்டியில் எழுந்த வாயுவைப் பிடித்து விளக்கேற்றினார்கள். சென்னையில் கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்ய 2005-இல் ஓர் ஆலை அமைத்தார்கள். நாள் ஒன்றுக்கு 30 டன் கழிவு அதன் அளவு. கீரைத்தண்டின் ஈரம் அங்கே குற்றமில்லை, குணம். எரிவாயு போக மிஞ்சுவது எரு.

ஆனால் எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். ஈரத்தையும் உலர்ந்ததையும் வீட்டு வாசலிலேயே பிரிக்க வேண்டும். கிராமத்தில் எங்கள் பாட்டி இதைச் சட்டமில்லாமலே செய்தாள். கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டுத் தொட்டிக்கு, சாணமும் சருகும் எருக்குழிக்கு, உமி அடுப்புக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. அவளிடம் 'குப்பை' என்று மிஞ்சியது ஒரு முறத்தளவுகூட இராது. நகரத்துக்கு வந்த நாம் எல்லாவற்றையும் ஒரே பையில் முடிந்து வாசலில் வைத்துவிட்டு, எங்கோ ஓர் உலை நம் பாவத்தையெல்லாம் எரித்துவிடும் என்று நம்புகிறோம்.

அந்தப் பையைப் பிரித்துப் பார்க்கும் கை ஏதோ ஒரு ஏழையின் கையாகத்தான் இருக்கும். அடுத்த உலையின் வரைபடத்தைப் போடுகிறவர்கள் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த ஊர்க் குப்பையில் என்ன இருக்கிறது என்று முதலில் அவளைக் கேட்கட்டும். எந்த நிபுணரைக் காட்டிலும் சரியான பதில் அவளிடம் கிடைக்கும்.